அவரையே கேளுங்க

பாலக்கோட்டிலிருந்து ஓசூர் போகிற பஸ் அன்று நடுவழியில் நின்றதற்கு டயர் காரணமில்லை, கண்டக்டர் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். முன்சீட்டில் ஓர் அம்மாவும் அவருடைய வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு வலது கை மடியில் செத்துக் கிடந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பார்த்தாலே தெரியும், பக்கவாதம். கண்டக்டர் நல்ல மனுஷர்தான். நோயாளியைத் தொந்தரவு செய்வானேன் என்று அந்தம்மாவிடம், இவர் எங்கே இறங்குகிறார் என்று கேட்டுவிட்டார்.

"அவரையே கேளுங்க" என்றார் அந்தம்மா.

கேட்டார். அவர் "சரிதான்" என்றார். கண்டக்டர் சிரித்தபடி மறுபடி கேட்டார். மறுபடியும் "சரிதான்". மாரண்டஹள்ளியா ஓசூரா என்று விரித்துக் கேட்டதற்கும் "சரிதான்". அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டாக வேண்டும். கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தம்மா மட்டும் அசரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்க, வந்துட்டே இருக்குது என்றார். என்ன வந்துகொண்டிருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. அந்த மனுஷர் மெதுவாக இடது கையைத் தூக்கினார், எங்கெங்கோ அலைந்தது கை, கடைசியில் காலடியில் இருந்த காலித் தக்காளிக் கூடையைத் தொட்டது. "பாத்தீங்களா, மாரண்டஹள்ளி மார்க்கெட்டு. ரெண்டு குடுங்க" என்று காசை நீட்டினார் அந்தம்மா.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த அம்மாவே முதலில் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் தர்மபுரி மாவட்டம் முழுக்க என் பொறுப்பு. கேட்பதற்கு ஜமீன் மாதிரி இருக்கும். தோல் பையைத் தூக்கிக்கொண்டு, இந்த ஊர் வெயிலில் டை கட்டிக்கொண்டு, பஸ் பஸ்ஸாக நசுங்குவதுதான் அந்த ஜமீன். அன்றைக்கு மாரண்டஹள்ளி டாக்டர் எழுந்து சாப்பிடப் போவதற்குள் பிடிக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தேன். பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது எதிரே மார்க்கெட்டில் அதே அம்மா தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று ஒரு விவசாயியை அதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் அவர்.

அப்படித்தான் பழக்கம். வாரத்துக்கு ஒரு நாள் அந்த ஊருக்குப் போவேன், டீக்கடையில் உட்காருவேன், அந்தம்மாவும் ஒரு டீக்கு வருவார். என்னை "மருந்துக்காரத் தம்பி" என்பார். ஆள் குட்டை, குரல் கட்டை. கழுத்தில் சிலுவை கோத்த தாலி. வீட்டுக்காரர் கைகால் விழுவதற்கு முன்பு மாட்டுத் தரகர். சந்தை சந்தையாகச் சுற்றியவர். ஒரு நாள் சந்தையிலேயே மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். உயிர் தப்பியது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பேச்சில் மிஞ்சியது "சரிதான்" என்ற ஒரே ஒரு சொல். வேண்டுமென்றாலும் அதுதான், வேண்டாமென்றாலும் அதுதான், கொசு கடித்தாலும் அதுதான். பிள்ளைகள் இல்லை. அவருடைய வரும்படி நின்றதும் இந்த அம்மா காட்டுக் காட்டுக்குப் போய்த் தக்காளி, அவரைக்காய் வாங்கி ஓசூருக்கு லாரி ஏற்ற ஆரம்பித்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் அந்தம்மாவிடம் யாருடைய பேச்சும் எடுபடாது. நோயாளியை வைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலே இன்னொருத்தரிடம் அவரைப் பற்றிப் பேசக்கூடாது. சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, ஐயோ எப்படி இருந்த ஆளு, சாப்பாடு இறங்குதா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி என்று அந்தம்மாவைக் கேட்பார்கள். அந்தம்மா பழத்தைத் திருப்பிக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவார். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனது இப்படித்தான். மீதிப் பாதி பயந்துகொண்டு வரவில்லை.

கோயில் சாமியாரையே விட்டுவைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் அதிகமாகி, அவஸ்தை பூசுவதற்குப் பங்குச் சாமியாரை யாரோ அழைத்து வந்துவிட்டார்கள். சாமியார் எண்ணெய்ச் சிமிழைத் திறந்து, ஆரம்பிக்கலாமா என்று பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரின் அண்ணன்காரரைக் கேட்டார். அந்தம்மா குறுக்கே வந்து, பூசிக்கப்போறது அவருங்க சாமி, அவரைக் கேளுங்க என்றார். சாமியார் பொறுமையாகத்தான் கேட்டார். பதில் வர நேரமாயிற்று. வந்த பதில், வேண்டாம் என்பது. சாகிறவனுக்குத்தானே அதைப் பூசுவார்கள், நான் சாகவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும். சாமியார் சிமிழை மூடிக்கொண்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். இதைச் சொல்லும்போது அந்தம்மாவுக்கு அவ்வளவு சிரிப்பு.

"சரிதான்" என்று மட்டும் சொல்கிற மனுஷர் வேண்டாம் என்று எப்படிச் சொன்னார்? நானும் இதைத்தான் கேட்டேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டு, அதற்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேரம் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை நூறு. கட்டாது என்றால் எதிராளியின் கையைத் துண்டுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். முடிந்தது என்றால் முழுக் கையையும் இறுக்கிப் பிடிப்பார்கள். உள்ளே நடப்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். இவர் படுத்துப் பல மாதம் கழித்து, ஏரியூரிலிருந்து பழைய கூட்டாளித் தரகர் ஒருவர் பார்க்க வந்தாராம். பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர், எழும்போது பழக்க தோஷத்தில் துண்டைப் போட்டுக் கையைப் பிடித்திருக்கிறார். கொட்டிலில் நின்ற காளை ஜோடியை அண்ணன்காரர் விற்கச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு விலையை வந்தவர் விரலில் சொல்லிப் பார்த்திருக்கிறார். அடுத்த நிமிஷம் வந்தவருடைய கை வெளியே வந்து விழுந்தது. அந்தத் தரகர் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாராம். "அக்கா, மச்சான் மாட்டைக் குடுக்க மாட்டேங்கறாரு. நல்லாத் தெளிவா இருக்காரு."

அன்றிலிருந்து அந்தம்மாவின் தோளிலும் ஒரு துண்டு. சந்தைப் பேரத்தில் பொம்பளைக் கை நுழைந்ததில்லை. இவர் நுழைத்தார். தோசையா இட்லியா, வெயிலா நிழலா, அந்த ஆளுக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா, எல்லாம் துண்டுக்கு அடியில் கேட்டுத்தான். பதில் உடனே வராது. எத்தனை நேரம் ஆனாலும் அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் சரி.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சந்தேகம்தான். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. இந்த அம்மா நினைத்ததைச் செய்துவிட்டு, அவர் சொன்னார் அவர் சொன்னார் என்று கதை விடுகிறாரோ? அண்ணன்காரர் இதை வெளிப்படையாகவே சொன்னார். கெட்டவர் இல்லை அவர். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் மார்க்கெட்டுக்கும் காட்டுக்கும் அலைகிற ஒருத்தி தனியாக இந்த உடம்பை எத்தனை நாள் தூக்கிச் சுமப்பாள் என்பது அவர் கவலை. சேலத்துக்குப் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்துகிற ஹோம் ஒன்றில் சொல்லி இடம் வாங்கிவிட்டார். அங்கே ஆள் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது, ஒன்றும் புரியாதவனுக்கு எங்கே படுத்தால் என்ன என்றார். அந்தம்மா வழக்கம் போல, அவரையே கேளுங்க என்றிருக்கிறார். அண்ணன் வாயால் கேட்டார். தம்பி வாயால் பதில் சொன்னார், "சரிதான்". ஆயிற்று. சம்மதம் கிடைத்துவிட்டது என்று புறப்பட நாள் குறித்துவிட்டுப் போய்விட்டார் அண்ணன்.

துண்டைப் போட்டு அந்தம்மா கேட்டபோது அவர் கையை வெளியே தள்ளியிருக்கிறார். போகமாட்டேன். ஆனால் அதை யார் நம்புவார்கள்? டாக்டர்களே அவருக்கு எதுவும் விளங்காது என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த டீக்கடையில் அன்றைக்கு முதன்முதலாக அந்தம்மாவின் கட்டைக் குரல் கெஞ்சியது. "ஒரு டாக்டரு, ஒரே ஒரு டாக்டரு, அவருக்கு வெளங்குதுன்னு சொல்லிட்டா போதுந் தம்பி. மூத்தவரு கேட்டுக்குவாரு. இல்லேன்னா என்னைய வூட்ல வெச்சிட்டு அவர வண்டியேத்திருவாங்க."

நான் ஆறுதலுக்கு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, எங்கள் கம்பெனி அடுத்த வாரம் தர்மபுரியில் டாக்டர்களுக்குக் கூட்டம் போடுகிறது, அதுவும் பக்கவாதத்துக்கென்றே போடுகிறது, மெட்ராஸிலிருந்து பெரிய புரொபசர் வருகிறார் என்று பீற்றிக்கொண்டேன். அந்தம்மா அங்கேயே வந்து நிற்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு மருத்துவக் கூட்டம் என்றால் என்ன தெரியுமா? கல்யாண மண்டபம் ஒன்று. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஸ்லைடு புரொஜக்டர் ஒன்று, அதில் பாதிப் படம் தலைகீழாக வரும், மீதிப் பாதி கரண்ட் போய் வராது. வருகிற டாக்டருக்கெல்லாம் கம்பெனி பெயர் போட்ட பிளாஸ்டிக் ஃபைல், பேனா, பிரியாணி. கூட வருகிற வீட்டம்மாக்களை வேனில் ஏற்றி ஒகேனக்கல்லுக்கு அனுப்பிவிடுவோம். சேலத்திலிருந்து வந்த மேனேஜர் என் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுக் கைகட்டி நின்றார். நான் புரொஜக்டர்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பட்டுப்புடவையில் ஓர் அம்மா உள்ளே வந்திருக்கிறார். பட்டுப்புடவை கட்டிய அம்மாவைப் போய், நீங்கள் யார் என்று எவனாவது கேட்பானா? வாசலில் இருந்தவர் ஃபைலையும் சாப்பாட்டு டோக்கனையும் கொடுத்துக் கும்பிட்டிருக்கிறார். தர்மபுரி டாக்டர்கள் ஓசூர் டாக்டர் வீட்டம்மா என்று நினைத்தார்கள். ஓசூர்க்காரர்கள் அரூர் டாக்டர் வீட்டம்மா என்று நினைத்தார்கள். அருவி பார்க்க வேனுக்குக் கூப்பிட்டதற்கு, நான் பார்த்த அருவிதான், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் கவனித்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது.

பேச்சு முழுக்க இங்கிலீஷ். அந்தம்மா படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மூளைப் படம், ரத்தக்குழாய்ப் படம், பிறகு ஒரு நோயாளியின் படம். வாய் கோணியிருந்தது தெரியும்படி எடுத்து, ஆள் அடையாளம் தெரியாமலிருக்கக் கண் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து ஸ்லைடில் எல்லாம் அப்படித்தான். கடைசியில் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அந்தம்மா எழுந்தார்.

"ஐயா, அந்தப் படத்துல இருக்கறவருக்கு எதுக்குங்க கண்ணை மறைச்சிருக்கீங்க?"

புரொபசர் வயதானவர், சாது. நோயாளிக்குச் சங்கடம் வரக்கூடாது, அதனால்தான் அம்மா என்று தமிழிலேயே விளக்கினார்.

"அவரக் கேட்டுட்டு மறைச்சீங்களா?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார், பிறகு, கேட்கவில்லை அம்மா என்றார். அதற்குள் எல்லா டாக்டர்களும் இந்த அம்மா யார் வீட்டம்மா என்று ஒருவரை ஒருவர் பார்க்க, யார் வீட்டம்மாவும் இல்லை என்பது வெளியே வந்துவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அந்தம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. நேரே மேடைக்குப் போய், என் வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியில் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டும் என்றார்.

புரொபசர் வந்தார். பின்னாலேயே ஒரு பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள், அதற்குப் பின்னால் பசியோடு நான். கண்ணை மூடுங்கள் என்றார் புரொபசர். "சரிதான்" என்றார் அவர், கண்ணை மூடவில்லை. நாக்கை நீட்டுங்கள். "சரிதான்". நீட்டவில்லை. இடது கையைத் தூக்கச் சொன்னார், அதுவும் நடக்கவில்லை. புரொபசர் திரும்பி மற்றவர்களிடம் இங்கிலீஷில், பேச்சும் போய்விட்டது, புரிந்துகொள்வதும் போய்விட்டது என்றார். அந்தம்மாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. புரொபசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

"என்னமோ தீர்ப்பு சொல்றீங்க. அத அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி உங்க கையை ஒருக்கா குடுங்க."

துண்டைப் போட்டு, புரொபசரின் கையை எடுத்து வீட்டுக்காரரின் கைக்குள் வைத்துவிட்டு விலகி நின்றார். எதையாவது விலை பேசுங்கள் என்றார். புரொபசர் திகைத்தார். பிறகு அடுத்த கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டி, இது என்ன விலைக்குப் போகும் ஐயா என்று கேட்டார். காத்திருந்தோம். டாக்டர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். திடீரென்று புரொபசரின் புருவம் மேலே ஏறியது. இரண்டு விரலைத்தான் பிடிக்கிறார், ஃபாரின் கடிகாரம் அம்மா இது என்று அவர் குறைப்பட்டுக்கொள்ள, பழசுக்கு அதுதான் விலை என்று அந்தம்மா சொல்லிவிட்டார். அவ்வளவுதான், புரொபசருக்கும் பேரம் பிடித்துவிட்டது. இன்னொரு விரலைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார் போலிருக்கிறது. ஏறவில்லை. பிறகு என் கையிலிருந்த கம்பெனி ஃபைலை வாங்கிக் காட்டினார். அடுத்த நொடி புரொபசரின் கை துண்டுக்கு வெளியே வந்து விழுந்தது. மேனேஜர் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சாப்பிட்ட சோறு செரிக்கும்.

சிரித்து ஓய்ந்த பிறகு புரொபசர் தன் கையை மறுபடி உள்ளே கொடுத்தார். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தே பேசினார். "ஐயா, உங்க பக்கத்துல நின்னுக்கிட்டே உங்களப் பத்தி இவங்ககிட்ட பேசிட்டேன். தப்பு. மன்னிச்சுக்குங்க." மத்தியானக் கூட்டத்தில் முன்வரிசையில் வந்து உட்காருகிறீர்களா என்று கேட்டார். கை வெளியே தள்ளப்பட்டது. பிரியாணி சாப்பிடுகிறீர்களா என்றதற்கு நல்ல இறுக்கமான பிடி என்று புரொபசரே அறிவித்தார். ஜீப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் புருஷனும் பெண்டாட்டியும். அவருக்கு ஊட்டி முடித்துவிட்டுத்தான் அந்தம்மா தன் இலையைத் தொட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் இருந்த வரைக்கும், தர்மபுரியில் எந்தக் கம்பெனி பக்கவாதத்துக்குக் கூட்டம் போட்டாலும் கடைசி வரிசையில் அந்தம்மா இருப்பார். அழைப்பெல்லாம் கிடையாது. டாக்டர்களே எப்போது கூட்டம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தன் வீட்டுக்காரருக்காக என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி இல்லை. மேடையில் யாராவது ஒரு நோயாளியை உட்கார வைத்துக் காட்டினால், அந்தம்மா எழுந்துபோய் அந்த ஆளின் பக்கத்தில் நின்றுகொள்வார். இப்போது உள்ளங்காலில் சாவியால் கீறுவார்கள், கூசும், பயப்படாதீர்கள், கட்டை விரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான் என்று காதோடு சொல்வார். எல்லா டாக்டருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சந்தைக்காரி வந்துவிட்டாள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஒரு டாக்டர் மட்டும், ஸ்லைடு எடுப்பதற்கு முன்னால் நோயாளியைக் கேட்டேன், கண்ணை மறைக்க வேண்டாம் என்று சொன்னார் என்று முழு முகத்தோடு ஒரு படம் போட்டார். அந்தம்மா கடைசி வரிசையிலிருந்து கைதட்டினார். கூட்டம் எப்படி என்று நான் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "மூளையப் பத்தி நல்லாப் பேசறாங்க தம்பி. மூளைக்குச் சொந்தக்காரந்தான் கூட்டத்துல இல்ல."

இப்படிப்பட்ட மனுஷியை எங்கே கண்டோம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இந்தக் கூட்டங்கள் அல்ல. அந்த முதல் கூட்டம் முடிந்த சில நாளில் அவர்கள் வீட்டில் நான் கண்ணால் பார்த்தது.

அன்றைக்கு அந்தம்மா ஹோம் விஷயத்தைச் சொன்னதும், புரொபசர் அண்ணன்காரருக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். காகிதத்துக்கு அவர் மசியமாட்டார், ஆள் வந்து சொல்ல வேண்டும் என்றார் அந்தம்மா. புரொபசர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைப் பிடித்தார். அந்தப் பக்கம்தானே போவாய், நான் சொன்னதாகப் போய்ச் சொல் என்றார். மாத்திரை விற்கிறவன் மெட்ராஸ் புரொபசரின் தூதனாகிவிட்டேன். ஹோமுக்குக் கூட்டிப்போக அண்ணன் வருகிற நாளில் டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் வேன் நின்றிருந்தது. அந்தம்மா இடுப்பில் கைவைத்து வளைந்து வளைந்து நடந்து வந்தார். இரண்டு நாள் முன்பு அவரைக் குளிக்க வைக்கத் தூக்கும்போது வழுக்கி, இருவருமே விழுந்துவிட்டார்களாம். அந்தம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. யாரோ வந்து தூக்குகிற வரைக்கும் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். அதெல்லாம் சரியாய்ப் போய்விடும் என்று அந்தம்மா அதைப் பற்றி மேலே பேச விடவில்லை.

நான் அண்ணன்காரரிடம் புரொபசர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடிகாரப் பேரத்தையும் சொன்னேன். பெரிய டாக்டரே கையை விட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு நான் பேச என்ன இருக்கிறது என்றார் அந்த மனுஷர். "நீயே கேளும்மா. அவன் என்னா சொல்றானோ அதான் முடிவு."

அந்தம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஜெயித்தாயிற்று. பதில்தான் அவருக்கு முன்னமே தெரியுமே. கட்டில் ஓரமாக உட்கார்ந்து துண்டைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "அண்ணன் உங்கள ஹோமுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. போறீங்களா?"

"சரிதான்" என்றார் அவர் வாயால். அது கணக்கில் இல்லை. நாங்கள் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. அந்தம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு குனிந்து, அவர் காதோடு வாயை வைத்து மெதுவாக ஏதோ கேட்டார். என்ன என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு துண்டு விலகியது. அந்தம்மாவின் கை வெளியே வந்து விழுந்தது.

நான் பெருமூச்சு விட்டேன். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன்காரரும் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "சரி, வரமாட்டேங்கறான். விடும்மா. வண்டிய நான் அனுப்பிச்சிடறேன்" என்று வாசலுக்கு நடந்தார். குரலில் வருத்தம் இல்லை, அவருக்கும் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

அந்தம்மா வெளியே கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நில்லுங்க" என்றார். "மொதல்ல போறீங்களான்னு கேட்டேன். கையை இறுக்கிப் பிடிச்சாரு. எனக்கு நம்ப முடியலைங்க. அப்ப இங்கயே என்கூட இருக்கலையான்னு காதுல கேட்டேன். அதுக்குத்தான் தள்ளிட்டாரு. என் இடுப்பு போனதப் பாத்துட்டே கெடந்தாருங்க, அதான். அவரு கெளம்பறேங்கறாரு."

அண்ணன்காரர் திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் இவள் கதை விடுகிறாள் என்று சொன்னவர் அவர்தான். அவர் கண் நிறைந்திருந்தது. "ஏம்மா, நானே வண்டிய அனுப்பப் போனேனே. அத நீ சொல்லாமயே இருந்திருக்கலாமே."

"அவரு சொன்னத நானே மாத்திச் சொன்னா அவருக்கு அப்புறம் யாருங்க மாமா இருக்காங்க" என்றார் அந்தம்மா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதபடியே எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், அவருடைய வேட்டிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.